ஸ்கோப் மேல் தப்பில்லை

மான் வேட்டைக்கு, துப்பாக்கி மேல் மாட்டுகிற தொலைநோக்கியான ஸ்கோப் வாங்கப் போகிறவர்கள் பொதுவாகச் செய்கிற முட்டாள்தனம், எவ்வளவு பெரிதாகக் காட்டுகிறதோ அவ்வளவு நல்லது என்று நினைப்பது. நிலாவில் பள்ளம் பார்க்கவா போகிறார்கள். சோளம் அறுத்த வயலோரத்தில், விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் நிற்பது மானா, கன்றுக்குட்டியா, டெல்மர் ஷூல்ட்டேயா என்று தெரிந்தால் போதும். அதற்கு வேண்டியது, இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் சேர்த்துக் கொடுக்கிற நல்ல லென்ஸ். நான்கு மடங்கு பெரிதாகக் காட்டினால் தாராளம்.

இதை என் வாயால் நீங்கள் கேட்பது முதல் தடவை இல்லை, ஷெரிஃப். சின்ன வயதில் என் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டிருக்கிறீர்கள். இந்த மாவட்டத்தில் துப்பாக்கி வைத்திருக்கிற பாதிப் பேர் அந்த வகுப்பில் கொட்டாவி விட்டவர்கள்தான். பிழைப்புக்கு நான் பார்த்தது காப்பீட்டு வேலை. ஆலங்கட்டி மழையில் யாருடைய பயிர் எவ்வளவு போயிற்று, யார் எவ்வளவு கூட்டிச் சொல்கிறார் என்று கண்டுபிடிப்பது. ஆனால் ஊர் என்னைக் கூப்பிடுவது வாத்தியார் என்று.

நேற்று மதியச் செய்தியில் நீங்கள் ரேடியோவில் பேசியதைக் கேட்டேன். "பனியில் ஸ்கோப் மங்கி, குறி தவறி நடந்துவிட்ட துயரமான விபத்து" என்றீர்கள். குரல் கூடக் கொஞ்சம் தழுதழுத்தது. நல்ல மனசு உங்களுக்கு. நல்ல மனசுக்காரர்கள் செய்கிற அக்கிரமத்துக்கு அளவே கிடையாது என்பதை இந்த வயதில் தெரிந்துகொண்டேன். அந்த ஒரு வாக்கியத்தைத் திருத்தத்தான் காலையிலேயே வந்திருக்கிறேன்.

வக்கீல் வேண்டுமா என்று மறுபடியும் கேட்காதீர்கள். என் மனைவி ஆர்டித்தின் அத்தை மகன் வக்கீல்தான். நேற்றுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, என் சமையலறையில் உட்கார்ந்து, என் காப்பியைக் குடித்துவிட்டு, "ஒரு வேலையும் செய்ய வேணாம் வெர்லின், வாயை மட்டும் மூடிக்கிட்டு இரு, ஷெரிஃபே கேஸை முடிச்சிடுவாரு" என்றார். நாற்பது வருஷம் அடுத்தவர்களின் பொய்க் கணக்கைத் திருத்தியவனிடம், தன் பெயரில் ஒரு பொய்க் கணக்கை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கச் சொல்கிறார்.

முதலில் தோட்டா. நம் ஊர் சப்பாத்தி மாதிரித் தட்டையான ஊர். மேற்கே மலைக்காட்டில் சுடுகிற தோட்டாவுக்குப் பாட்டில் போலக் கழுத்து ஒடுங்கியிருக்கும். நிறைய வெடிமருந்து, சின்னக் குண்டு. அதை இங்கே சுட்டால் மானைத் தாண்டி, வயலைத் தாண்டி, அடுத்த ஊர் சர்ச்சில் போய் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டுதான் நிற்கும். அதனால் அரசாங்கம் வெகுகாலம், கிட்டத்தில் மட்டுமே சுடுகிற ஷாட்கன் போதும் என்று வைத்திருந்தது. பிறகு மனமிரங்கி, கழுத்து ஒடுங்காத தோட்டாவுக்கு அனுமதி கொடுத்தது. லிப்ஸ்டிக் குப்பி போல மேலேயிருந்து கீழே வரைக்கும் நேராக இருக்கும். குண்டு கனம். மெதுவாகப் போகும், சீக்கிரம் தாழும். எவ்வளவு தாழும் என்பது பெட்டிக்குப் பெட்டி வேறு.

அதனால்தான் வகுப்பில் சொல்வேன், தோட்டாவும் ஸ்கோப்பும் புருஷன் பெண்டாட்டி மாதிரி என்று. ஒன்றை மாற்றினால் இன்னொன்றோடு உட்கார்ந்து பேசிச் சமாதானமாக வேண்டும். புதுவிதத் தோட்டா வாங்கினால், முதலில் காகிதத்தில் சுட்டுப் பார்த்து, எங்கே படுகிறது என்று கண்டு, ஸ்கோப்பின் திருகைத் திருகிச் சரிசெய்யாமல் வேட்டைக்குப் போகக் கூடாது. வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டு, அடிக்கோடு இழுத்திருக்கிறேன். அதற்குக் கீழே இன்னொன்றும் எழுதுவேன். குறியைப் பார், குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றும் பார். மண்டையை ஆட்டுகிறீர்கள். ஞாபகம் இருக்கிறது போல.

டெல்மருக்கு இதெல்லாம் கிடையாது. அவன் என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். ஆயிரம் பன்றி வளர்க்கிறவன். அவனுடைய ரைஃபிள் முந்நூற்றைம்பது; தோட்டாவின் பருமனை வைத்து அப்படி ஓர் எண். கடையில் ரைஃபிளும் ஸ்கோப்பும் ஒரே பெட்டியில் சேர்த்துத் தள்ளிவிடுவார்களே, அந்த ரகம். ஸ்கோப்பை ரைஃபிளோடு பிடித்து வைத்திருந்தது பாதி திருகாணி, பாதி கறுப்பு டேப். லென்ஸுக்கு மூடி, அவன் மனைவி மார்லிஸின் பழைய காலுறை. தோட்டா எது என்று கேட்டால், "மலிவா எது இருந்துச்சோ அது" என்பான். ஒரு ரைஃபிளுக்குள் மூன்று கம்பெனித் தோட்டா போட்டுக்கொண்டு வந்த நாளும் உண்டு. இப்படிப்பட்டவர்களுக்கு என்றைக்காவது ஒரு விபத்து நடக்கத்தான் செய்யும் என்று வகுப்பில் பெயர் சொல்லாமல் சொல்லியிருக்கிறேன்.

அவன் வருஷா வருஷம் மான் அடித்தான். அதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. அதிர்ஷ்டம் என்று ஒன்று இருக்கிறது; அது பெரும்பாலும் படிக்காதவர்களைத் தேடிப் போகிறது.

எங்கள் கூட்டம் டெல்மரின் கூட்டம். டிசம்பர் முதல் சனிக்கிழமை அவனுடைய டிராக்டர் கொட்டகையில் சேருவோம். சிலர் வரிசையாக உயரப் புல்லில் நடந்து மானைக் கலைத்துக்கொண்டு வருவார்கள். சிலர் மறுகோடியில் காத்திருப்போம். யார் நடப்பது, யார் எங்கே நிற்பது என்பதெல்லாம் டெல்மர் சொல்வான். மதியம் கொட்டகைக்குத் திரும்பினால் மார்லிஸ் பெரிய பானையில் பீன்ஸும் கறியும் போட்ட சில்லி வைத்திருப்பாள், பக்கத்தில் தட்டு நிறைய சினமன் ரோல். காரத்தையும் இனிப்பையும் மாறி மாறிக் கடித்துக்கொண்டு பொய் பேசுவோம்.

அந்தக் கொட்டகைச் சுவரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மானைக் குறி தவறினவனின் சட்டை வாலை, அதாவது பின்பக்கக் கீழ்நுனியை, வெட்டி, பெயர் எழுதி, ஆணி அடித்து மாட்டுகிற வழக்கம். அதில் டெல்மருடையதே பதினொன்று இருந்தது. வருகிறவர்களிடமெல்லாம் சுற்றிக் காட்டுவான், பேரப்பிள்ளைகள் படம் காட்டுவது போல. வெட்கம் என்பது சிலருக்கு உடம்பிலேயே ஊறவில்லை. என்னுடையது அந்தச் சுவரில் ஒன்றுகூட இருந்ததில்லை. முப்பது சொச்ச வருஷம்.

போன வருஷம் வரை.

போன வருஷம் ஒரு கொம்பன் வந்தது. பெரியது, நின்ற மான். எனக்கும் அதற்கும் நடுவே ஒன்றரைக் கால்பந்து மைதான நீளம் இருக்கும். அந்த இலையுதிர் காலம் முழுக்க என்னுடைய இந்த ஸ்கோப்பைப் பற்றி, ஊர் காப்பிக்குக் கூடுகிற தானியக் கிடங்கில் எல்லோரிடமும் பேசியிருந்தேன். பேசினேன் என்றால், கேட்டவர்களுக்கு விளக்கினேன். யாரும் கேட்கவில்லை என்று ஆர்டித் சொல்வாள். சுட்டேன். கொம்பன் என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் வேலியைத் தாண்டிப் போயிற்று. ஏன் தவறியது என்பது இப்போது பேச்சில்லை, பிறகு வருகிறேன். டெல்மர்தான் முதலில் வந்து சேர்ந்தான். கீழே கிடந்த, நான் சுட்ட தோட்டாவின் பித்தளை உறையைக் குனிந்து எடுத்தான். அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். ஒன்றும் சொல்லவில்லை. டெல்மர் ஒன்றும் சொல்லாமல் இருந்தது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான்.

கொட்டகையில் தானியக் கிடங்கு கேலன் ஆரம்பித்தான்.

"என்ன வாத்தியாரே, அவ்ளோ பெரிய ஸ்கோப்பு. மான் தெரிஞ்சுச்சா, இல்ல மானோட ஆத்தா அப்பன்லாம் தெரிஞ்சுதா?"

"ஸ்கோப் மேல தப்பில்ல" என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான். உண்மையைச் சொன்னேன்.

கொட்டகையே இடிந்து விழுவது போலச் சிரித்தார்கள். கேலனுக்குச் சில்லி மூக்கில் ஏறிவிட்டது. ஸ்கோப் மேல் தப்பில்லை என்றால் வேறு யார் மேல் என்று ஒவ்வொருவரும் அடுத்தவனைக் கேட்டார்கள். அவர்களே பதிலும் சொல்லிக்கொண்டார்கள். ஆர்டித் எனக்குப் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த சட்டை. டெல்மர் பன்றிக்கு ஊசி போடுகிற மாதிரி, "ஆடாம நில்லுடா, வலிக்காது" என்று சொல்லிக்கொண்டே வாலை வெட்டினான். வழக்கமாகப் பெயரும் வருஷமும்தான் எழுதுவார்கள். டெல்மர் மார்க்கர் பேனாவால் பெயருக்குக் கீழே, கோணல்மாணலாக, "ஸ்கோப் மேல தப்பில்ல" என்று எழுதி, ஃபிரிட்ஜுக்கு நேர் மேலே மாட்டினான். பீர் எடுக்கப் போகிறவன் எல்லாம் படித்தான்.

அதோடு முடிந்திருந்தால் நான் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன்.

அது ஊருக்கு ஒரு பேச்சாகிவிட்டது, ஷெரிஃப். கிடங்கில் லாரி கிளம்பவில்லை என்றால், "லாரி மேல தப்பில்ல" என்றார்கள். பாஸ்டர் பிரசங்கத்தில் பக்கம் மாறிப் படித்துவிட்டு, சமாளித்துக்கொண்டு, "பைபிள் மேல் தப்பில்லை" என்றார், சர்ச்சே குலுங்கியது. வகுப்பில் ஒரு பொடிப்பயல் பரீட்சையில் தோற்றுவிட்டு என்னிடமே, "பென்சில் மேல தப்பில்ல சார்" என்றான். நீங்களும் ஒரு தடவை, பெட்ரோல் போடுகிற இடத்தில், சொன்னீர்கள். மறந்திருப்பீர்கள். வீட்டில் ஒரு நாள் ரொட்டி கருகிவிட்டது. ஆர்டித் அதை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அடுப்பு மேல தப்பில்லங்க" என்றாள். நாற்பத்தோரு வருஷம் குடித்தனம் பண்ணினவள். நானும் சிரித்தேன். நான் சிரிக்கத் தெரியாதவன் இல்லை.

அன்றைக்கு வலித்தது. இதை ஒளிக்கவில்லை. உயிர் போகிற மாதிரி வலித்தது.

ஆனால் நான் கோபக்காரன் இல்லை. மாவட்டத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். என் வழி, குறையைக் கண்டுபிடித்துத் திருத்துவது. ஸ்கோப்பை மாற்றச் சொல்லிக் கடைக்காரன் கெஞ்சினான், மாற்றவில்லை. மாற்றினால் அதன் மேல்தான் தப்பு என்று ஆகிவிடும். தோட்டாவைத்தான் ஒரு வருஷம் தேடினேன். என்னுடைய ரைஃபிள் நானூற்றைம்பது. கனக்குறைந்த குண்டு முதல் கனமான குண்டு வரை, எத்தனை கம்பெனி உண்டோ அத்தனையும் வாங்கி, பழைய ஜல்லிக் குழியில் போய்ச் சுட்டுப் பார்த்தேன். ஒன்று காற்றில் ஒதுங்கியது. ஒன்று பெட்டியின் மேல் மான் படம் அழகாக இருந்ததைத் தவிர வேறு குணமில்லாதது. கடைசியில் ஒன்று அமைந்தது. ஒரே இடத்தில் போய் விழும். காகிதத்தில் மூன்று ஓட்டை ஒட்டிக்கொண்டு மூன்றிதழ் க்ளோவர் இலை மாதிரி நிற்கும். மான் அடிபட்ட இடத்திலேயே உட்கார்ந்துவிடும், ஓடித் துன்பப்படாது. எனக்கு மிருகங்கள் கஷ்டப்படுவது பிடிக்காது.

ஸ்கோப்பையும் பழக வேண்டும் அல்லவா. மனிதர்களை ஸ்கோப் வழியாகப் பார்க்கக் கூடாது, அதற்குப் பைனாகுலர் இருக்கிறது என்பது நான் சொல்லிக் கொடுத்த விதிதான். அக்டோபரில் அதைக் கொஞ்சம் மீறினேன். டெல்மர் அவனுடைய சோயா வயலில் அறுவடை மிஷின் ஓட்டிக்கொண்டிருப்பான்; என் கொல்லையிலிருந்து பார்த்தால் நேரே தெரியும். தொப்பியில் விதைக் கம்பெனி பெயரின் எழுத்துகளைக் கூட்டிப் படிக்க முடிந்தது. தாடையில் சவரம் விட்டுப்போன இடம் தெரிந்தது. பாடிக்கொண்டிருந்தான். வாய் அசைவதை வைத்து என்ன பாட்டு என்று கண்டுபிடிக்கப் பார்ப்பேன். சாயங்கால வெளிச்சத்திலும் பார்த்தேன், தூறலிலும் பார்த்தேன். மங்கவே இல்லை. ரைஃபிளில் தோட்டா இல்லை. பெரும்பாலும் இல்லை.

போன சனிக்கிழமைக்கு வருவோம். காலையில் லேசாகப் பனி விழுந்துகொண்டிருந்தது. நான் லென்ஸ் மூடியைக் கடைசி நிமிஷம் வரை திறக்கவில்லை. இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் உங்கள் டெபுட்டி வந்து பார்த்தபோது லென்ஸில் இருந்த ஈரம் அதற்கப்புறம் விழுந்தது. கொட்டகையில் டெல்மர் இடங்களைப் பிரித்துச் சொன்னான். ஓடை வளைகிற முக்கு இருக்கிறதே, கலைத்து வருகிற மான் எல்லாம் வந்து சேருகிற இடம், அதை எப்போதும் அவனே வைத்துக்கொள்வான். இந்த வருஷம் என் தோளில் கையைப் போட்டு, "முக்குல நீ நில்லு வாத்தியாரே. நான் நடந்து வர்றேன். போன வருஷம் நீ விட்ட கொம்பன் இந்த வருஷமும் அங்கதான் வருவான். இந்தத் தடவை சுவத்துலேர்ந்து உன் துணியக் கழட்டிடலாம்" என்றான்.

எல்லோர் முன்னாலும் சொன்னான். ஒருவன் எவ்வளவு தூரம் இறங்கிப் பரிகாசம் பண்ணுவான் என்று பாருங்கள்.

முக்கில் நின்றேன். வரிசை புல்லுக்குள் இறங்கியது. ஆரஞ்சு மேலங்கிகள் அங்கங்கே தெரிந்து மறைந்தன. சரியாகச் சொன்னான், அதே கொம்பன். புல்லிலிருந்து வெளியே வந்து, ஓடைக்கு இந்தப் பக்கம் ஏறி, பக்கவாட்டில் நின்றது. போன வருஷத் தூரத்தில் பாதிகூட இல்லை. காலுறையை மூடியாகப் போட்டவன்கூட அடித்துவிடுவான். அப்போது அதற்குப் பின்னால், இடது பக்கம் தள்ளி, இரண்டு பிக்கப் வண்டி நிறுத்துகிற இடைவெளியில், டெல்மர் ஓடைக்கரை ஏறி வந்தான். மானைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அப்படியே நின்று, இன்னும் இடது பக்கம் ஓரெட்டு ஒதுங்கிக்கொண்டான். விதிப்படிதான் செய்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒதுங்கிக்கொண்டு, கையைத் தூக்கி, ஏதோ சொன்னான்.

சத்தம் கேட்கவில்லை. ஸ்கோப்பில் வாய் அசைந்தது தெரிந்தது. சிரித்துக்கொண்டே சொன்னான்.

அதற்குப் பிறகு நடந்ததை ஊரே உங்களிடம் சொல்லிவிட்டது. ஒரு வெடி. மான் ஓடிவிட்டது. டெல்மர் விழுந்துவிட்டான். கேலன்தான் முதலில் ஓடினான். அவன் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. டெல்மர் கஷ்டப்படவில்லை, அதில் தோட்டாவுக்குச் சேர வேண்டிய நல்ல பெயரை யாரும் கொடுக்கவில்லை. மனித சுபாவம். எல்லோரும் பனியில் முழங்கால் போட்டு அழுதார்கள். கேலன் திரும்பி வந்து என்னைக் கட்டிக்கொண்டு, "வாத்தியாரே, நீ என்ன பண்ணுவ. நீ மானைத்தான்டா சுட்ட. தவறிப்போச்சு. நாங்க எல்லாம் சொல்லுவோம்" என்றான்.

தவறிப்போச்சு. அந்த வார்த்தை அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

நீங்கள் வந்தீர்கள். ரைஃபிளை வாங்கிக்கொண்டீர்கள். ஸ்கோப்பை நிமிர்த்தி வைக்கச் சொன்னேன். உங்கள் டெபுட்டி வண்டியில் கவிழ்த்துப் போட்டார். "பனிதானே சார், மங்கிருக்கும்" என்று நீங்களே எடுத்துக் கொடுத்தீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்குத் திறக்க முடியவில்லை. பயமென்று நினைக்காதீர்கள். எல்லோரும் அவ்வளவு அன்பாக இருந்தார்கள், எப்படி மறுத்துப் பேசுவதென்று தெரியவில்லை.

ஊரில் இரண்டு நாளில் காரணம் கூடிவிட்டது. ஸ்கோப் மங்கிவிட்டதாம். அந்தக் கனத்த குண்டு கல்லு மாதிரி தாழ்ந்துவிட்டதாம். வாத்தியாருக்கு வயதாகிவிட்டதாம், கை நடுக்கமாம். எனக்கு ஒரு நாளும் கை நடுங்கியதில்லை. இதோ காப்பிக் கோப்பை, பாருங்கள்.

நேற்றுக் காலையில் அடக்கம். சர்ச் கீழ்த்தளத்தில் பன்றித் தொடைக் கறி சாண்ட்விச்சும் ஜெல்லோவும் வைத்திருந்தார்கள். போகாமல் இருந்தால் நன்றாயிருக்காது என்று ஆர்டித் சொன்னாள். கூட்டம் எனக்கு வழிவிட்டது. மார்லிஸ் எழுந்து நேரே என்னிடம் வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். இரண்டு கையாலும் என் முகத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"வெர்லின், நீங்க ராத்திரியெல்லாம் தூங்கலன்னு ஆர்டித் சொன்னா. உங்க மேல தப்பில்ல. அந்தப் பாழாப்போன ஸ்கோப் மேலதான் தப்பு. அவரே இருந்தாலும் அதைத்தான் சொல்லுவாரு."

சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். பாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நூறு பேர் முன்னால், ஒரு விதவையின் வாயால்.

அதோடு விட்டாளா. என் கையில் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தாள். சுவரிலிருந்து கழற்றிய என் சட்டை வால். துவைத்து, இஸ்திரி போட்டிருந்தாள். மார்க்கர் எழுத்து போகவில்லை. அதற்குள்ளே ஒரு பித்தளை உறை.

"இது அவர் மேசை டிராயர்ல இருந்துச்சு. போன வருஷம் கொண்டுவந்து வச்சாரு. என்னன்னு கேட்டேன். 'வெர்லினோடது, யாரு கண்ணுலயும் படக் கூடாது, அவன் புள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கறவன்'னு சொன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல. உங்ககிட்டயே குடுத்துடறேன்."

எனக்குப் புரிந்தது. உங்களுக்கும் புரிய வைக்கிறேன், இனி மறைத்து என்ன. போன வருஷ வேட்டைக்கு முந்தின நாள் புதிதாக ஒரு பெட்டி தோட்டா வாங்கினேன். பத்திரிகையில் புகழ்ந்து எழுதியிருந்தான். வேறு குண்டு, வேறு வேகம். காகிதத்தில் சுட்டுப் பார்க்க நேரமில்லை. பழைய தோட்டாவுக்கு வைத்த திருகோடு அப்படியே போனேன். குண்டு கொம்பனின் முதுகுக்கு மேலே போயிற்று. கரும்பலகையில் அடிக்கோடு போட்டு நான் எழுதுகிற முதல் பாடம். உறையைப் பார்த்ததுமே டெல்மருக்குத் தெரிந்துவிட்டது, அதன் அடியில்தான் கம்பெனி பெயர் இருக்குமே, நான் வழக்கமாகச் சுடுகிறது அது இல்லை. கொட்டகையில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வகுப்பு அன்றோடு முடிந்திருக்கும். அவன் சொல்லவில்லை. சிரிக்கிறவர்களைச் சட்டை வாலோடு சிரித்து முடிக்க விட்டான். ஒரு வருஷம் வைத்திருந்தான்.

இதைக் கேட்டு நான் உருகியிருக்க வேண்டும் என்று உங்கள் முகம் சொல்கிறது. ஆர்டித்தும் வண்டியில் வரும்போது அழுதாள். "அவரு உங்களக் காப்பாத்திருக்காருங்க" என்றாள். யோசித்துப் பாருங்கள், ஷெரிஃப். ஒரு மனிதன் என் மானத்தை மேசை டிராயரில் பூட்டி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் என் முகத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறான். அது எப்படிப்பட்ட ஆள் செய்கிற வேலை. எனக்குத் தெரியாமல் எனக்கு உபகாரம் பண்ண அவன் யார்.

ஆனால் அந்த உறை ஒரு விஷயத்தை முடித்துவிட்டது. போன வருஷம் ஸ்கோப் மேல் தப்பில்லை. நான் அப்போதே சொன்னேன். இப்போது அதற்குச் சாட்சி இருக்கிறது. இதோ, உங்கள் மேசையில் வைக்கிறேன். இந்த வருஷத்துக்குத்தான் சாட்சி யாருமில்லை, என்னைத் தவிர. நான் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனால், சாகிற வரைக்கும் இந்த ஊரில் நான் இரண்டு தடவை தவறினவன். இரண்டாவது தடவை, நின்ற மான், கைக்கெட்டுகிற தூரம்.

அதனால் எழுதிக்கொள்ளுங்கள். லென்ஸ் சுத்தமாக இருந்தது. மான் வலது பக்கம் அசையாமல் நின்றது. அதன் மேல் குறியே வைக்கவில்லை. குறியைப் பார்த்தேன். அவன் முகம் முழுசாகத் தெரிந்தது, தாடையில் அன்றைக்கும் சவரம் சரியில்லை. வாய் அசைந்ததைச் சொன்னேனே, "சுடு, வெர்லின்" என்றுதான் சொன்னான் என்று நினைக்கிறேன். அப்போது எனக்குச் சட்டை வாலில் எழுதிய வாசகம் மாதிரிப் பட்டது. குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றும் பார்த்தேன். ஓடையின் மறுகரை, ஈரமான கறுப்பு மண், ஆள் யாருமில்லை. குண்டு வேறு எங்கேயும் போயிருக்காது. ஆரஞ்சு மேலங்கியில் மேலிருந்து இரண்டாவது பொத்தான். அங்கே வைத்தேன். அங்கேதான் பட்டது. பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரைக் கேளுங்கள், ஒரு விரல்கடை தாழ்ந்திருந்தால் நான் சொல்வது பொய்.

பேனாவை ஏன் கீழே வைத்துவிட்டீர்கள். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ போடுகிறேன். கதவைப் பூட்டுவதென்றால் பூட்டுங்கள், ஆர்டித்துக்கு மட்டும் போன் பண்ணி அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு மறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். இதை இன்றைக்கு மதியச் செய்தியிலேயே நீங்கள் உங்கள் குரலில் சொல்லிவிட வேண்டும். கிடங்கில் எல்லோரும் காப்பிக்குக் கூடுவது அந்த நேரத்தில்தான். கேலன் கேட்க வேண்டும், பாஸ்டர் கேட்க வேண்டும். டெல்மர் மட்டும் இருந்திருந்தால் அவனும் அங்கே உட்கார்ந்து கேட்டிருப்பான். கேட்டுவிட்டு, வாத்தியார் தவறவில்லை என்று முதல் ஆளாக ஒத்துக்கொண்டிருப்பான்.